ஆபீசில் ரத்த தான முகாம் நடத்துவது எப்படி

நிறுவனத்தின் ஆண்டு விழா அன்று முகாம் வைப்பது பல இடங்களில் வழக்கம். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். ஒரே நாளில் நூற்றைம்பது பேர் கொடுத்தார்கள். பேனர், புகைப்படம், சான்றிதழ் எல்லாம் முடிந்த பிறகு, பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ரத்த வங்கி ஊழியர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இதே ஆட்களை நாலு தடவையாகப் பிரித்திருந்தால் எங்களுக்கு இன்னும் உதவியாக இருந்திருக்கும்."

ரத்தத்தை நெடுநாள் சேர்த்து வைக்க முடியாது. சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தாலும் அதிகபட்சம் 42 நாட்கள்தான் தாங்கும். ரத்தக் கசிவை நிறுத்த உதவும் பிளேட்லெட்டுகளுக்கு 5 முதல் 7 நாட்கள், அதுவும் விடாமல் அசைத்துக்கொண்டே வைக்க வேண்டும். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை மட்டும் உறையவைத்து ஓராண்டுக்கோ அதற்கு மேலோ வைத்திருக்கலாம்.

அதனால் தேதியை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். முதலில் ரத்த வங்கிக்கு போன் செய்து, எந்த மாதங்களில் தட்டுப்பாடு என்று கேளுங்கள். பெரும்பாலும் நீண்ட விடுமுறைக் காலங்களைச் சொல்வார்கள். ஒருவர் மறுபடி கொடுக்க எத்தனை வாரம் ஆக வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டு, பட்டியலை அதற்கேற்பப் பிரியுங்கள். எங்களுக்கு ஒரு முகாமுக்கு முப்பது, நாற்பது பேர் என்பது சரியாக வருகிறது.

அடுத்தது எனக்கு மிக முக்கியமான விஷயம்: யாரையும் வற்புறுத்தாதீர்கள். எந்தத் துறை அதிகம் கொடுக்கிறது என்று போட்டி வைக்க வேண்டாம், மேலாளர் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். காரணம், கொடுப்பவருக்குத் தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம். அந்த இடைவெளியை அடைப்பது, தானத்துக்கு முன் தரும் கேள்வித்தாளில் கொடுப்பவர் எழுதும் உண்மையான பதில்தான். எங்கள் முகாம் ஒன்றில், மேலாளர் பின்னால் வரிசையில் நின்றதால் ஒரு இளைஞர் ஒரு பதிலை மறைத்துவிட்டார். மாலையில் என்னிடம் வந்து தவிப்போடு சொன்னார். உடனே ரத்த வங்கிக்குத் தெரிவித்தோம், அந்தப் பையை ஒதுக்கிவிட்டார்கள். இப்போது கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் ரத்த வங்கியின் எண் அச்சிட்ட சிறு அட்டை தருகிறோம். 'என் ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்' என்று அவரே அழைத்துச் சொல்லலாம், காரணம் எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி கேட்கும் இடம் கதவுள்ள தனி அறையாக இருக்கட்டும். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்படுபவரும் மற்றவர்களைப் போலவே ஓய்விடம் வழியாக வெளியே வரட்டும். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது அலுவலகத்தில் பேச்சாகாமல் இருக்கும்.

பரிசு பற்றியும் கேட்பார்கள். தானத்துக்கும் போய்வரவும் தேவைப்படும் நேரத்தைவிட அதிகமாக விடுப்பு கொடுப்பதைக்கூட, தன்னார்வ ரத்த தானத்தின் சர்வதேச வரையறை பிரதிபலனாகத்தான் பார்க்கிறது. சிற்றுண்டி, சின்ன நினைவுப் பொருள், அவ்வளவு போதும்.

மற்றபடி, ஊசி போடுவதற்கு முன் எல்லோரும் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கட்டும். முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரவையுங்கள். முதல் முறை கொடுப்பவர்கள் சட்டென்று எழுந்தால் மயங்கி விழலாம், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

அப்புறம், ரத்த வங்கி வண்டி கிளம்புவதற்கு முன்பே அடுத்த முகாமின் தேதியைக் குறித்துவிடுங்கள்.