கரண்ட் போனாலும் ராஸ்பெர்ரி பை ரீபூட் ஆகாமலிருக்க

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கு பவர் பேங்க் வேண்டாம். 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர் அவர்) சீல்டு லெட் ஆசிட் பேட்டரியை 13.6 வோல்ட் ஃப்ளோட் சார்ஜரில் (பேட்டரியை எப்போதும் முழு சார்ஜில் வைத்திருப்பது) நிரந்தரமாக இணைத்துவிட்டு, அதே முனைகளிலிருந்து வோல்டேஜைக் குறைக்கும் 5 ஆம்ப் பக் கன்வர்ட்டர் வழியே பைக்கு சப்ளை கொடுங்கள்.

பல பவர் பேங்குகள் மெயின்ஸ் போகும்போதோ வரும்போதோ அவுட்புட்டை ஒரு கணம் துண்டிக்கும். அதற்குள் பை ரீபூட் ஆகிவிடும், எஸ்டி கார்டும் கெடலாம். இங்கே பேட்டரி எப்போதும் லைனிலேயே இருப்பதால் மாற்றும் வேலையே இல்லை. பேட்டரியின் 84 வாட் அவரில் (12 × 7) பாதியைப் பயன்படுத்தினாலும், கன்வர்ட்டர் இழப்பு போக, 5 வாட் லோடுக்கு ஏறக்குறைய 7 மணி நேரம் வரும்.

பையை மாட்டும் முன்பே கன்வர்ட்டரை 5.1 வோல்ட்டில் வையுங்கள். பிறகு லோடோடு, பை பக்கத்து முனையில் மீண்டும் அளந்து பாருங்கள். மெல்லிய ஒயரிலேயே அரை வோல்ட் போய்விடும், 4.63-க்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி வரும். பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே 3 ஆம்ப் ஃப்யூஸ் கட்டாயம். 11.5 வோல்ட்டில் துண்டிக்கும் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் இல்லாவிட்டால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.

சார்ஜர் கரண்ட் 2 ஆம்ப்பைத் தாண்டக்கூடாது. மூன்று லித்தியம் அயான் செல் பேக்குக்கு இந்த சார்ஜர் ஆபத்து: அந்த பேக்கின் உச்சமே 12.6 வோல்ட்தான்.