நன்றியை எழுத்தில் கொடுங்கள்

அலுவலக உதவியாளர்களைப் பாராட்டும் வழக்கம் அமெரிக்காவில் 1952இல் தொடங்கியது. இப்போது ஏப்ரலின் கடைசி முழு வாரத்துப் புதன்கிழமையில் கொண்டாடுகிறார்கள். நாங்கள் அந்த நாளுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கந்தோரில் உங்கள் அலுவல் முடிந்ததா? "நன்றி தங்கச்சி" என்று சொல்லுங்கள். அப்புறம் அவருடைய மேலதிகாரிக்கு நான்கு வரிக் கடிதம் எழுதுங்கள். பொதுவாகப் புகழாமல், நடந்ததை அப்படியே எழுதுங்கள்: "இடம்பெயர்ந்தபோது தொலைந்த காணி அனுமதிப்பத்திரத்தின் விவரத்தை, பழைய பேரேடுகளைப் புரட்டித் தேடி எடுத்துத் தந்தார்." திகதியும் போடுங்கள். கடிதத்தை அவருடைய தனிப்பட்ட கோவையில் சேர்க்கச் சொல்லிக் கேட்டு, ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுங்கள். அரச கந்தோரில் பொருளோ காசோ வேண்டாம், அது இலஞ்சமாகிவிடும்.

நீங்களே பொறுப்பதிகாரி என்றால், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். சாரதி, காவலாளி, தேநீர் தரும் அக்கா எல்லோரும் அதில் வரட்டும். மாங்குளத்தில் பஸ் மாறி வீடு போகிறவருக்கு, இடைக்கிடை அரை மணித்தியாலம் முன்னதாகப் போக அனுமதி கொடுத்துப் பாருங்கள். அவர் முகமே மலரும்.