பூனைக் குடும்பத்தின் கோரைப்பற்கள்: பார்ப்பது, அளப்பது, பிரித்தறிவது

ஒரு கோரைப்பல்லைக் காட்டினால் எல்லோரும் முதலில் கேட்பது அதன் நீளத்தை. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. பல்லின் பாதிக்கு மேல் தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும் வேர். வேரோடு கழன்று வந்த சிறுத்தைப் பல் 6 செ.மீ. இருக்கும்; வேர் உடைந்துபோன புலிப் பல்லும் அதே 6 செ.மீ. இருக்கலாம். ஆகவே எங்கிருந்து எதுவரை அளந்தது என்று தெரியாத நீளத்தை நம்பாதீர்கள்.

இந்தப் பற்கள் சட்டப்படி பார்க்கக் கிடைக்கும் இடங்கள் அருங்காட்சியகம், கல்லூரி விலங்கியல் துறை, வனத்துறையின் காப்பறை ஆகியவைதான். புலி, சிறுத்தை, சிங்கம் மூன்றும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. பழைய வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துப் புலிப்பல் தாலி கிடைத்தால் விலை விசாரிக்கக் கிளம்பாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். விற்பதும் வாங்குவதும் குற்றம்.

முதல் கேள்வி, இது பூனை இனத்துப் பல்தானா என்பது. பல்லைச் சாய்வான வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். பூனை இனத்தில் எனாமல் (பல்லை வெளியே போர்த்தும் கடினமான பளபளப்பு உறை) பகுதியின் பக்கவாட்டில் நீளவாக்கில் மெல்லிய வரிப்பள்ளங்கள் ஓடும். மேல்தாடைப் பல்லின் வெளிப்பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு. நாய்க்கும் கரடிக்கும் இவை இல்லை. இங்கே பலர் ஏமாறுவது விரிசலில். காய்ந்த காற்றில் ஆண்டுக்கணக்காக இருந்த பல் நீளவாக்கில் வெடிக்கும். விரிசலின் விளிம்பு கூராக இருக்கும், பல்லின் கழுத்தை, அதாவது எனாமலும் வேரும் சந்திக்கும் இடத்தை, தாண்டி வேருக்குள்ளும் இறங்கும். வரிப்பள்ளத்தின் அடி வழவழப்பாக இருக்கும், எனாமல் அதற்குள்ளும் அறுபடாமல் படர்ந்திருக்கும். நகத்தை ஓட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். கிழட்டு விலங்கின் தேய்ந்த பல்லில் பள்ளம் மங்கியிருக்கும் என்பதால், அது தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்தது குறுக்குவெட்டு. பூனையின் கோரை உருண்டையை நெருங்கும் நீள்வட்டம். நாயினுடையது பக்கவாட்டில் தட்டையானது. காரணம் வேட்டை முறை. புலி கழுத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டே இருக்கும். இரை எந்தப் பக்கம் திமிறினாலும், பல் எலும்பில் மோதினாலும் முறியாமல் தாங்க வேண்டும். நாய் கடித்துக் கிழித்து விடும்.

புலிப்பல் என்ற பெயரில் வருவதில் கரடிப்பல் நிறைய. அதன் வேர் புடைத்துத் தடித்திருக்கும், எனாமல் பகுதி அதற்குக் குட்டையாகத் தெரியும். காட்டுப்பன்றியின் தந்தம் முக்கோண வெட்டு கொண்டது, அடி திறந்து உள்ளே பொள்ளலாக இருக்கும். மாட்டெலும்பில் செதுக்கியதை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் நுண்துளைகளும் கோடுகளும் தெரியும். எனாமலும் வேரும் சந்திக்கும் தெளிவான எல்லைக்கோடு இருக்காது, சாயத்தால் வரைந்திருப்பார்கள். ரெசின் வார்ப்பில் காற்றுக்குமிழியும் அச்சு சேர்ந்த தையலும் காட்டிக்கொடுக்கும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்ப்பது பழைய பழக்கம். அசல் பல்லாக இருந்தால் ஒரு மாதிரியைக் கெடுத்ததுதான் மிச்சம்.

பூனைதான் என்றானால், மேல்பல்லா கீழ்ப்பல்லா என்று பாருங்கள். மேல்பல் நீளம், வளைவு குறைவு; கீழ்ப்பல் குட்டை, வளைவு அதிகம். வாய் மூடும்போது கீழ்க்கோரை மேல்கோரைக்கு முன்னால் போய் உட்காரும். அதனால் உரசல் தேய்மானம் மேல்பல்லில் முன்பக்கமும் கீழ்ப்பல்லில் பின்பக்கமும் விழும். இதைப் பார்க்காமல் ஒரு புலியின் கீழ்ப்பல்லை இன்னொன்றின் மேல்பல்லோடு ஒப்பிட்டு ஆண், பெண் என்று பிரிப்பது அடிக்கடி நடக்கும் கோளாறு.

அளக்க 0.1 மி.மீ. காட்டும் வெர்னியர் காலிப்பர் போதும். முனை பட்டு எனாமல் சிதறாதபடி பிளாஸ்டிக் தாடையுள்ளது நல்லது. நான்கு அளவுகள்: வெளிப்பக்கத்து எனாமல் விளிம்பிலிருந்து நுனிவரை உயரம், கழுத்தில் முன்-பின் விட்டம், அதே இடத்தில் பக்கவாட்டு விட்டம், நுனியிலிருந்து வேர்முனைவரை நேர்க்கோட்டில் மொத்த நீளம். நூல் வைத்து வளைவோடு அளந்தால் எண் கூடிவிடும், இரண்டையும் கலக்காதீர்கள். எனாமல் விளிம்பு ஒரே மட்டத்தில் ஓடாது, எந்தப் பக்கம் அளந்தீர்கள் என்று குறியுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். நுனி உடைந்திருந்தால் உத்தேசமாகக் கூட்டாமல் ‘உடைந்தது’ என்றே எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் நம்பத்தக்கது கழுத்தின் முன்-பின் விட்டம், ஏனென்றால் நுனி தேய்ந்தாலும் அது மாறாது. வளர்ந்த சிறுத்தையின் மேல்கோரையில் பெரும்பாலும் 12 முதல் 16 மி.மீ.; புலியிலும் சிங்கத்திலும் பொதுவாக 20 மி.மீ.க்கு மேல். எனாமல் உயரம் சிறுத்தையில் ஏறத்தாழ 2.5 முதல் 4 செ.மீ., பெரிய ஆண் புலியில் 5 செ.மீ. தாண்டும். படைச்சிறுத்தை (clouded leopard) இந்த எண்களைக் குழப்பும்: உடல் சிறியது, ஆனால் மண்டையோட்டு அளவுக்கு இன்றுள்ள பூனைகளிலேயே நீளமான கோரை அதற்குத்தான். அதன் பல் மெலிந்தது, பின்விளிம்பு கத்திபோல் கூரானது.

இளம் விலங்கும் குழப்பும். வேரின் அடியைப் பாருங்கள்: வாய் அகலத் திறந்து, சுவர் மெல்லியதாக இருந்தால் பல் இன்னும் வளர்ந்து முடியவில்லை. அப்படியானால் மொத்த நீளம் பயன்படாது.

புலியா சிங்கமா என்பதைத் தனிப் பல்லை வைத்துச் சொல்ல முடியாது, சொல்பவர் ஊகிக்கிறார். கீழ்த்தாடை எலும்பு இருந்தால் மேசைமேல் வையுங்கள்: சிங்கத்தின் தாடை அடி குவிந்து தொட்டில்போல் ஆடும், புலியினுடையது ஆடாமல் உட்காரும். தாடையும் இல்லையென்றால் வழி டி.என்.ஏ. மட்டுமே. அதற்கு வேரின் உட்புறத்திலிருந்து மெதுவாகச் சுழலும் துளைப்பானால் தூள் எடுப்பார்கள். வேகம் கூடினால் சூட்டில் டி.என்.ஏ. சிதையும். பல்லை அனுப்புமுன் வெந்நீரில் கொதிக்கவைக்கவோ வார்னிஷ் பூசவோ கூடாது. காகித உறையில் போட்டு, நான்கு அளவுகளையும் அளந்த தேதியையும் மேலே எழுதி அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும்.