குளிரில் நாய்க்கூண்டு: மூன்று பக்கம் மூடுங்கள், முன்பக்கம் வேண்டாம்

கோத்தகிரியில் டிசம்பர் ராத்திரி சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு ஒரு நிமிடம் நின்று பாருங்கள், நாய் ஏன் கூண்டுக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்பது புரிந்துவிடும். கூண்டுக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள், உள்ளே நாலாக மடித்த சாக்கு, அதன் மேல் பழைய கம்பளி. மேலேயும் மூன்று பக்கமும் கனமான துணியால் மூடலாம். காற்று வேண்டும், அதனால் முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். மூடுபனி நாட்களில் கம்பளி தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், மடிப்புக்குள் கைவிட்டால்தான் ஈரம் தெரியும், ஆகவே இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

அளவு? எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் சரி.

குளிர்கிறதே என்று மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நாய்க்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. உள்ளே விடும்முன் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். எங்கள் குட்டியின் பட்டை வளையம் ஒருமுறை கம்பியில் மாட்டிக்கொண்டு, அது இழுத்த இழுப்பில் கூண்டே ஒரு சாண் நகர்ந்தது.

முதல் சில நாட்கள் கதவைச் சாத்தவே வேண்டாம். சாப்பாட்டுத் தட்டை முதலில் வாசலில் வைத்து, அப்புறம் தினம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். நீங்கள் போட்டுக் கழற்றிய ஸ்வெட்டரைத் துவைக்காமல் உள்ளே போட்டால் இன்னும் சீக்கிரம் பழகும். சேட்டை செய்தது என்று அதில் அடைத்தீர்களோ, பழக்கியதெல்லாம் போச்சு. சிறுத்தை நடமாடும் மலை இது, கூண்டை வராந்தாவில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.