டெங்கு: காய்ச்சல் விட்ட நாள்ல தான் ஆள வடிவா பாக்கணும்

போன மாரிக்கு அக்காட மகனுக்கு காய்ச்சல், நாலாம் நாள் விடிய "சித்தி எனக்கு சுகம்" எண்டு கல்லடி வீட்டு வாசல்ல பந்தோட நிக்கிறான், கையப் புடிச்சா சில்லெண்டு இரிக்கு, வயித்துக்க நோகுது எண்டான், ரெண்டு தரம் சத்தியும் எடுத்துட்டான். உடனே ஆட்டோல ஏத்தி ஆசுப்பத்திரிக்கு கொண்டு போனம், நேரத்தோட போனதால தான் புள்ள தப்பினான்.

காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் அப்படி ஆகுது எண்டா, முதல்ல டெங்கு வைரஸ் என்ன செய்யுது எண்டு பாப்பம். அதுக்கு தானா பெருக ஏலாது. நுளம்பு கடிச்சி உள்ளுக்க போனதும் நம்மட நோய் எதிர்ப்பு செல்லுகளையே தான் பிடிக்கும், செல் அத விழுங்கி ஒரு சின்னப் பைக்குள்ள வைக்கும், அந்தப் பைக்குள்ள புளிப்பு ஏற ஏற வைரஸ்ட மேல்தோல் உருமாறி பையோட ஒட்டி, உள்ளுக்க இருக்கிற ஆர்என்ஏ, அதாவது வைரஸ்ட மரபுக் கட்டளை, வெளிய வந்துடும். கிட்டத்தட்ட 11,000 எழுத்து தான் அது. நம்மட செல்லுல புரதம் செய்ற ரைபோசோம் அத தன்ட சொந்தக் கட்டளை எண்டு நினைச்சி வாசிச்சி வைரஸுக்கு புரதம் செய்து குடுக்கும், நம்மட அடுப்புல நம்மட அரிசியிலயே அது தன்ட சோத்த ஆக்குற மாதிரி. பிறகு புது வைரஸுகள் வெளிய வந்து அடுத்த செல்லுக்கு போகும். கடிச்சி 4 தொடக்கம் 10 நாளைக்குள்ள காய்ச்சல் வரும்.

இப்ப கவனமா வாசிங்க. காய்ச்சல் விடுற நேரம் ரத்தத்தில வைரஸ் குறைஞ்சிட்டு வரும், ஆனா அதோட சண்டை பிடிக்க உடம்பு விட்ட ரசாயனங்களால ரத்தக்குழாய்ட உள்சுவர் இளகி, ரத்தத்தில உள்ள நீர் நெஞ்சுக்கும் வயித்துக்கும் கசியத் தொடங்கும். இந்தக் கசிவு 24 தொடக்கம் 48 மணித்தியாலம் இரிக்கும், கூடினா பிரஷர் விழுந்துடும். டெங்கு நாலு வகை, ஒண்டு வந்து போன ஆளுக்கு வேற வகை வந்தா பழைய ஆன்டிபாடியே (முந்தி வந்த வைரஸ எதிர்க்க உடம்பு செய்த புரதம்) புது வைரஸ செல்லுக்குள்ள கூட்டிப் போய் விடலாம், அதால முந்தி டெங்கு வந்த ஆக்கள இன்னும் கவனமா பாருங்க.

காய்ச்சலுக்கு பெனடோல் (500 மில்லிகிராம் பரசிட்டமோல்) மட்டும் குடுங்க, பெரியாக்களுக்கு 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா 2 குளிசை, ஒரு நாளைக்கு 8க்கு மேல வேணாம், புள்ளைகளுக்கு எத்தின கிலோ நிறை எண்டு பாத்து டொக்டர் சொல்ற அளவு. அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபினக் தொடவே வேணாம், ரத்தக் கசிவ கூட்டும். அன்டிபயோட்டிக் வைரஸுக்கு வேலை செய்யாது. ஜீவனி (உப்பு சீனி கலந்த கரைசல்), கஞ்சி, இளநீர் குடுங்க, பீட்ரூட் ஜூஸ் மாதிரி சிவப்பா எதுவும் வேணாம், சத்தியில ரத்தம் வந்தா தெரியாமப் போயிடும்.

மூணாம் நாளைக்குள்ள ரத்தம் கட்டாயம் எடுத்துப் பாருங்க. எல்லாரும் பிளேட்லெட்ட மட்டும் தான் கேக்கிறாங்க, பக்கத்தில பிசிவி எண்டு ஒண்டு இரிக்கும், ரத்தத்தில சிவப்பணு எத்தின வீதம் எண்டு காட்டுறது, அது ஏறினா நீர் கசியுது, ரத்தம் தடிக்குது எண்டு அர்த்தம்.

மூத்திரம் போற நேரத்த கலண்டர்ல குறிச்சி வைங்க, நாங்க ஆஸ்பத்திரியால வந்த பிறகும் ரெண்டு நாள் குறிச்சம். 6 மணித்தியாலமா போகல்ல, வயித்துக்க குத்துது, சத்தி நிக்கல்ல, கை கால் சில்லிடுது, பல்லு முரசால ரத்தம் வருது, ஆள் மயங்கி மயங்கி கிடக்குது, இதுல ஒண்டு கண்டாலும் விடியட்டும் எண்டு பாத்திராதீங்க, ராவெண்டாலும் வெளிக்கிடுங்க.

காய்ச்சல் ஆள பகல்லயும் நுளம்பு வலைக்குள்ள படுக்க வைங்க, இந்த நுளம்பு பகல்ல தான் கடிக்கும், இவர கடிச்சிட்டு கொஞ்ச நாளால வீட்டில மத்தாக்களுக்கு பரப்பிடும். சிரட்டை, பீலி, பூச்சாடித் தட்டு எல்லாத்திலயும் இருக்கிற தண்ணிய வெளிய ஊத்தினா மட்டும் போதாது, நுளம்புட முட்டை விளிம்புல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காஞ்சும் சாகாம கிடக்கும், தும்பால நல்லா உரஞ்சிக் கழுவுங்க.