பழைய ஆலயத்தோடு புதிய பகுதியை இணைத்துக் கட்டும் முறை

பாளையங்கோட்டை ஊசிக்கோபுர கிறிஸ்தவ ஆலயம் 1826-இல் கட்டப்பட்டது. அக்காலத்து ஆலயங்கள் பல நம் நெல்லைச் சீமையில் சுண்ணாம்புக் காரையால் எழும்பியவை. அத்தகைய ஆலயத்தை விரிவாக்க விரும்பும் சேகரத்தார் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபையார்), திருமண்டலத்தின் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட திருச்சபை நிர்வாகத்தின்) இசைவையும் உள்ளாட்சி அமைப்பின் வரைபட ஒப்புதலையும் முதலில் பெற வேண்டும்.

அடுத்து மண்ணைச் சோதியுங்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். மெஞ்ஞானபுரம் பகுதியின் தேரி எனப்படும் செம்மணலோ வேறு இயல்புடையது. ஆகவே அடித்தளத்தைப் பொறியாளர் ஒருவரே தீர்மானிக்கட்டும்.

மிகுந்த கவனம் வேண்டியது இணைப்பில்தான். பழைய சுவர் நூறாண்டுகளுக்கு மேலாக அமர்ந்து உறுதிப்பட்டிருக்க, புதிய அடித்தளம் இனிமேல்தான் அமரும் என்பதால், இரண்டையும் இறுகப் பிணைத்தால் விரிசல் உறுதி. எனவே புதிய பகுதிக்குத் தனித் தூண்களும் தனி அடித்தளமும் அமைத்து, நடுவே சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை நெகிழும் பொருளால் நிரப்பி, மேலே மழைநீர் புகாதபடி தகடு பொருத்துங்கள். பழைய சுவருக்கு அருகே அதன் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டவே கூடாது.

காரைச் சுவரின்மேல் சிமெண்ட் பூசுவதையும் தவிருங்கள். ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளேயே உளுத்துவிடும். அங்கே சுண்ணாம்புப் பூச்சே தகும். அடித்தள வேலையை ஐப்பசி அடைமழைக்கு முன்னரே முடித்துவிடுங்கள்.