மணிக்கட்டுக் கட்டி: காம்பை விட்டுவிட்டால் திரும்ப வரும்

மணிக்கட்டின் மேல்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. கையை உள்நோக்கி மடக்கினால் துருத்திக்கொண்டு நிற்கிறது, நிமிர்த்தினால் பாதி மறைகிறது. பெரும்பாலும் அது கேங்லியான், அதாவது திரவம் நிறைந்த கட்டி. புற்றுநோயாக மாறாது.

மூட்டைச் சுற்றியுள்ள உறையான மூட்டுப் பையிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று கிளம்பி, நுனியில் பலூன் போல உப்பியிருக்கும். மூட்டு அசையும்போது திரவம் காம்பு வழியே நுனியில் உள்ள பைக்குள் போகும், ஆனால் எளிதில் திரும்பாது. அது தேங்கித் தேங்கி, தலைக்குத் தடவும் ஜெல்லைப் போலக் கெட்டியாகிவிடும். கைக்கு வேலை அதிகமான வாரத்தில் கட்டி பெருப்பதும் ஓய்வில் சுருங்குவதும் இதனால்தான். திடக் கட்டிகள் இப்படி ஏறி இறங்குவது அரிது.

இருட்டறையில் போன் டார்ச்சைக் கட்டியின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கேங்லியான் சிவப்பாக ஒளிரும். ஒளிராவிட்டால் ஸ்கேன் தேவை.

பத்தில் ஆறேழு கட்டிகள் மணிக்கட்டின் மேல்பக்கம்தான் வரும். உள்பக்கம், கட்டைவிரலை ஒட்டி வருவதில் கவனம் வேண்டும்: நாடி பார்க்கும் ரத்தக்குழாய் அதை உரசியபடி ஓடும். ஸ்கேன் பார்க்காமல் அங்கே ஊசி போட யாரையும் விடாதீர்கள். விரல் அடியில் வருவது பட்டாணி அளவில் கல் போல இருக்கும். வாளியின் கைப்பிடியைப் பிடித்தால் வலிக்கும், விரலை மடக்கினாலும் இடம் நகராது.

நகத்தை ஒட்டிய கடைசி மூட்டில் வருவது தனி ரகம். மூட்டுத் தேய்மானம் உள்ள வயதானவர்களுக்கே அதிகம். கட்டி அழுத்தி நகத்தில் பள்ளம் விழும். அதைச் சிலர் குண்டூசியால் குத்திவிடுவார்கள், அதுதான் ஆபத்து. தோலுக்கு அடியிலேயே மூட்டு இருப்பதால் சீழ் நேரே உள்ளே போய்விடும்.

வலி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஏறக்குறைய பாதிக் கட்டிகள் சில ஆண்டுகளில் தானே மறையும், குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். வலித்தால் வேலை நேரத்தில் மட்டும் ஓரிரு வாரம் மணிக்கட்டு ஸ்பிளிண்ட் (அசையாமல் பிடிக்கும் பட்டை) போடலாம். நடுநடுவே கழற்றிக் கையை மடக்கி நீட்டுங்கள், இல்லாவிட்டால் தசை தளரும். தண்டால் எடுப்பவர்கள் உள்ளங்கையை ஊன்றாமல் முஷ்டியில் எடுத்தால் மூட்டில் அழுத்தம் குறையும்.

தடித்த புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைப்பது ஐரோப்பாவின் பழைய வைத்தியம். அதனால் பைபிள் கட்டி என்றே பெயர் வந்தது. பை உடையும், காம்பு அப்படியே இருக்கும். மீண்டும் நிரம்பும். எலும்பு முறிந்தால் அது வேறு கதை.

ஊசியால் உறிஞ்சினாலும் காம்பு மிஞ்சுகிறது. பாதிக்கு மேல் திரும்புகின்றன. மெல்லிய ஊசியில் ஜெல் ஏறாது, 18 அல்லது 16 கேஜ் தடிமன் உள்ள ஊசி வேண்டும் (கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிக்கும்). உள்ளே இருந்து வந்ததை நீங்களும் பாருங்கள்: தெளிந்த ஜெல் வந்தால் அது கேங்லியான்தான் என்பது உறுதி. ரத்தம் மட்டுமோ ஒன்றுமே வராமலோ போனால் அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தாமல் ஸ்கேனுக்குப் போங்கள்.

அறுவை சிகிச்சையில் பையோடு காம்பையும், அது கிளம்பும் மூட்டுப் பையின் சிறு துண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். நக மூட்டில் எலும்பு முள் இருந்தால் அதையும் சீவ வேண்டும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தயக்கம் வேண்டாம். ஒழுங்காகச் செய்தாலும் சிலருக்குத் திரும்பும், உள்பக்கக் கட்டியில் அந்த வாய்ப்பு கூடுதல். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். விரல்களை அன்றே அசைக்கத் தொடங்குங்கள், அசைக்காவிட்டால் விறைத்துவிடும். பாரம் தூக்க நான்கைந்து வாரம் ஆகும். தழும்பைச் சுற்றிய மரமரப்பு பெரும்பாலும் மெல்லக் குறையும்.

கட்டி வேகமாக வளர்ந்தாலோ, விரல் மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ காத்திருக்காமல் கை அறுவை நிபுணரையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள். சிவந்து சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும்.